டென்மார்க்கில் முகவரிப் பதிவு: முதல் முறை நேரில், அதன்பின் இணையத்தில்

கோபன்ஹேகனில் வேலை கிடைத்துக் குடும்பத்துடன் சென்னையிலிருந்து புறப்படவிருக்கும் நீங்கள், அங்கே எல்லாமே இணையத்தில் நடப்பதால், யார் எந்த முகவரியில் வசிக்கிறார் என்று அரசு பதிந்துவைக்கும் மக்கள் பதிவையும் ஊரிலிருந்தே முடித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. முதல் பதிவுக்குக் குடும்பத்தினர் அனைவரும் கடவுச்சீட்டு, குடியிருப்பு அனுமதி, வாடகை ஒப்பந்தம், திருமண, பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றுடன் நேரில் செல்ல வேண்டும்.

அப்போது கிடைக்கும் சிபிஆர் என்னும் பத்து இலக்கத் தனிநபர் அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் உங்கள் பிறந்த தேதியே. வங்கி, குடும்ப மருத்துவர், குழந்தையின் பள்ளி என்று எங்கே போனாலும் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான். வரி அட்டையையும் உடனே வாங்கிவிடுங்கள். அது இல்லாவிட்டால் சம்பளத்தில் 55 விழுக்காடு வரியாகப் பிடிக்கப்படும்.

முகவரி இல்லாமல் இந்தப் பதிவு நடக்காது என்பதால், வீடு பார்க்கும்போது வாடகையைப் பேசுவதற்கு முன்பே, அங்கே பதிந்துகொள்ளலாமா என்று கேளுங்கள். "தங்கலாம், பதிய வேண்டாம்" என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பெரும்பாலும் அவர்களுடைய வரிக் கணக்கோ உதவித்தொகையோதான் காரணம். வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம். உண்மையில் வசிக்கும் முகவரியைப் பதிவது சட்டப்படி உங்கள் கடமை.

மித்ஐடி என்னும் மின்னணு அடையாளம் கைக்கு வந்த பிறகு வீடு மாறுவது எளிது. குடிபோவதற்கு நான்கு வாரங்களுக்கு முன்பிருந்தே போர்கர் என்னும் அரசு இணையதளத்தில் அறிவிக்கலாம். குடிபோன ஐந்து நாட்களுக்குள் கட்டாயம் அறிவித்தாக வேண்டும். ஒரே அறிவிப்பில் குடும்பம் முழுவதையும் சேர்த்துவிடலாம். மருத்துவரின் பெயரும் உங்கள் முகவரியும் அச்சிட்ட புதிய மஞ்சள் அட்டை, அதாவது மருத்துவக் காப்பீட்டு அட்டை, தபாலில் வரும். ஆனால் தபால்பெட்டியில் உங்கள் பெயரை நீங்கள்தான் ஒட்ட வேண்டும். எந்தக் கணினியும் அதைச் செய்யாது!

அரசுக் கடிதங்கள் பெரும்பாலும் மின்னஞ்சல் போன்ற 'டிஜிட்டல் போஸ்ட்' பெட்டிக்கு, டேனிஷ் மொழியில் வரும். நீங்கள் திறக்காவிட்டாலும், பெட்டியில் சேர்ந்ததுமே கடிதம் கிடைத்ததாகவே சட்டம் கொள்ளும். 15 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி உண்டு என்பதால், உங்கள் மனைவிக்கு வரும் கடிதம் உங்கள் பெட்டியில் இருக்காது. அவரும் தம் மித்ஐடியைப் பெற்று, தாமே திறந்து பார்க்க வேண்டும்.