"குளிசை போட்டால் பிறகு பிள்ளை பிறக்காதா?"

கேள்வி: மகளுக்கு 17 வயது, உயர்தரம் படிக்கிறாள். போன கிழமை நான் தேங்காய் துருவிக்கொண்டிருக்கையில், "அம்மா, குடும்பத் திட்டமிடல் குளிசை போட்டால் பிறகு பிள்ளையே பிறக்காதாமே, உண்மையோ?" என்று கேட்டாள். பதறிப்போய் ஏசிவிட்டேன். இப்போது முகம்கொடுத்துக் கதைக்கிறாளில்லை. கல்யாணமாகாத பிள்ளைக்கு இதெல்லாம் சொல்லலாமா, டொக்டர்?
- ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: சொல்லத்தான் வேண்டும், அம்மா. அவள் உங்களிடம் வந்து கேட்டாளே, அதுவே பெரிய காரியம். முதலில், அன்று ஏசியது உங்கள் பிழை என்று அவளிடம் சொல்லுங்கள்.

பிள்ளை பிறக்காது என்பது பொய். குளிசையை நிறுத்தினால் கருமுட்டை மறுபடி வெளிவரத் தொடங்கும். மாதவிடாயின்போது இரத்தம் அதிகம் போகும் பிள்ளைகளுக்கும், வலி தாங்க முடியாதவர்களுக்கும் நாங்கள் இதே குளிசையை எழுதிக்கொடுப்பதுண்டு. அது என்ன குளிசை என்று அறிந்ததும் குப்பையில் போட்ட தாய்மாரும் இருக்கிறார்கள்.

கல்யாணத்துக்கு இரண்டு கிழமை இருக்க ஒரு பெண் என்னிடம் வந்தாள். விரல் மடித்து எண்ணி, "மாதவிடாய் வந்த நாளிலிருந்து எண்ணினால், பத்தாம் நாள் தொடங்கிப் பதினாறாம் நாள் மட்டும் கரு தங்குமென்ற பயமில்லைதானே?" என்றாள். கரு தங்க மிகவும் வாய்ப்புள்ள நாட்களே அவை! அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாட்களுக்கு முன்பு கருமுட்டை வெளியாகும். விந்தணு உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடிருக்கும். மாதவிடாய் ஒழுங்காக வராத வயதில் இந்த நாள்கணக்கை நம்பவே முடியாது. அந்தக் கணக்கை அவளுக்குக் கூட்டாளி ஒருத்தி சொன்னாளாம். படித்த பிள்ளை, எனக்கு மனம் கனத்துவிட்டது.

சொன்னால் கெட்டுப்போவாள் என்று பயப்படாதீர்கள். பல நாடுகளில் செய்த ஆய்வுகளில், இந்த அறிவு பெற்ற பிள்ளைகள் அதனால் முந்திக்கொண்டு உறவில் இறங்கியதாகத் தெரியவில்லை. கரு எப்படித் தங்குகிறது, 20 வயதுக்கு முன் தாயானால் இரத்தச்சோகையும் பிரஷரும் ஏன் கூடுதலாக வருகின்றன, பால்வினைத் தொற்றையும் தடுப்பது ஆணுறைதான் என்பதையெல்லாம் சொல்லுங்கள். கரு தங்காமல் தடுக்கப் பாமசியில் விற்கும் அவசரக் குளிசையை, பாதுகாப்பில்லாமல் உறவுகொண்ட பிறகு 72 மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும். அது அடிக்கடி போடுவதற்கானதல்ல. எல்லாவற்றையும்விட, "உனக்கு விருப்பமில்லாமல் யாரும் தொட்டால் என்னிடம் வா, ஏசமாட்டேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்து, கடைசிவரை வாய் திறக்காத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், உங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவமாதுவிடம் கேளுங்கள். வீட்டுக்கு வரும்போது அவரை வாசலிலேயே அனுப்பிவிடாமல், உள்ளே இருத்தி மகளையும் கூப்பிட்டுவிட்டு, நீங்கள் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போடுங்கள்.