ஹேண்டிலில் ஆட்டம், முன்பக்கம் 'டக் டக்': பைக் கேள்வி-பதில்

என்னிடம் இருப்பது 100 சிசி டிரம் பிரேக் வண்டி. முன் பிரேக் பிடித்தாலும், பள்ளத்தில் இறங்கினாலும் ஹேண்டிலுக்குக் கீழே 'டக்' என்று இடிக்கிறது. கோன் செட் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
– வாசகர், தேனி

அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். கோன் செட் என்பது ஹேண்டில் திரும்புவதற்காகச் சேசிஸ் கழுத்தில் மேலும் கீழும் இருக்கும் பேரிங்; ரேஸ் எனும் வளையங்களுக்கு நடுவே பால்ரஸ் எனும் குண்டுகள் உருளும். ஆனாலும் செலவு செய்வதற்கு முன்னால், ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கையால் தொட்டுப் பார்த்துவிடுங்கள். முன்பக்கத்தில் எங்கே இடித்தாலும் ஓட்டுகிறவர் கைக்கு அது ஹேண்டிலில் இடிப்பது போலத்தான் தெரியும்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்சீட்டை ஒருவர் அழுத்திக்கொள்ள, முன்சக்கரம் தரையைத் தொடாமல் நிற்க வேண்டும். முன்னால் உட்கார்ந்து, ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவையின்) இரண்டு கால்களையும் சக்கர ஆக்சிலுக்குப் பக்கத்தில் பிடித்து முன்னும் பின்னுமாக இழுத்துத் தள்ளுங்கள். இன்னொருவர் சேசிஸ் கழுத்தும், ஃபோர்க் கால்களைச் சேர்த்துப் பிடிக்கும் கீழ் பிராக்கெட்டும் சேரும் இடுக்கில் விரலை வைத்திருக்கட்டும். அங்கே ஆடினால் கோன். அந்த இடம் அசையாமல், ஃபோர்க் பைப் வெளிக்காலுக்குள் நுழையும் இடத்தில் ஆடினால் பைப்போ, உள்ளே அதைத் தாங்கும் புஷ் வளையமோ தேய்ந்திருக்கிறது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங்கைப் பாருங்கள்.

எதுவுமே ஆடவில்லை, பிரேக் பிடித்தால் மட்டும் இடிக்கிறது என்றால், பிரேக் பிளேட்டில் (டிரம்மை மூடியிருக்கும் தட்டில்) இருக்கும் காடியைப் பாருங்கள். ஃபோர்க் காலில் உள்ள முண்டு இந்தக் காடிக்குள் உட்கார்ந்துதான் பிளேட் சுற்றாமல் பிடித்துக்கொள்கிறது. காடி தேய்ந்தால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பிளேட் கொஞ்சம் திரும்பி முண்டில் மோதும். பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது முண்டைக் காடியில் உட்கார வைக்காமல் விட்டால், பிரேக் பிடித்ததும் பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி, சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆள் தூக்கி எறியப்படுவார். இதை மட்டும் இன்றைக்கே குனிந்து பார்த்துவிடுங்கள்.

கோன்தான் என்று உறுதியானால், சக்கரம் தூக்கிய நிலையிலேயே ஹேண்டிலை இரண்டு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். எங்கும் தடங்கல் இல்லை என்றால் டைட் வைத்தால் போதும். நேராக வரும் இடத்தில் குழியில் விழுந்தது போல நின்றால் ரேஸில் பள்ளம் விழுந்துவிட்டது. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பால்ரஸ்கள் ஒரே இடத்தில் நின்று அடி வாங்குகின்றன. வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீரைக் கழுத்துப் பகுதியில் நேராக அடித்தால் கிரீஸும் போய், பள்ளம் சீக்கிரம் விழும். பள்ளம் விழுந்த கோனை எவ்வளவு டைட் வைத்தாலும் பயனில்லை. மேல் ரேஸ், கீழ் ரேஸ், பால்ரஸ் எல்லாமாக முழு செட்டையும் மாற்றுங்கள். பழைய பால்ரஸைப் புது ரேஸில் போடவே கூடாது.

கோனை வீட்டிலேயே டைட் வைக்கலாமா? எவ்வளவு வைக்க வேண்டும்?
– வாசகி, கரூர்

சி ஸ்பேனர் (காடி வெட்டிய வட்ட நட்டைத் திருப்பும் கொக்கி வடிவ ஸ்பேனர்) இருந்தால் வைக்கலாம். உளியும் சுத்தியலும் வேண்டாம்; நட்டின் காடி சிதைவதோடு, எவ்வளவு இறுகியது என்பதும் கைக்குத் தெரியாது.

மேல் பிராக்கெட்டின் நடுவில் இருக்கும் டாப் நட்டையும், அதே பிராக்கெட்டில் ஃபோர்க் பைப்பைக் கவ்வும் போல்ட்டுகளையும் இளக்குங்கள். போல்ட்டுகளை இளக்காவிட்டால் பிராக்கெட் பைப்பைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்காது. அதற்கு அடியில் உள்ள காடி வெட்டிய வட்ட நட்டை நன்றாக இறுக்கி, ஹேண்டிலை இரு கோடிக்கும் நாலைந்து முறை திருப்புங்கள். பிறகு சுமார் 1/8 சுற்று பின்னால் இளக்குங்கள். ஆட்டம் இருந்தால் துளித்துளியாக இறுக்கி, அது போகும் இடத்தில் நிறுத்துங்கள். கடைசியாக டாப் நட்டையும் போல்ட்டுகளையும் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டைட் வைத்துவிட்டு மறுபடியும் சோதியுங்கள். டாப் நட் இறுகும்போது கோனும் கூடவே கொஞ்சம் இறுகும். பலர் தவறவிடுவது இங்கேதான்.

புது கோன் செட் போட்டதிலிருந்து, டிராஃபிக்கில் மெதுவாகப் போனால் வண்டி இரண்டு பக்கமும் அலைபாய்கிறது. ஏன்?
– வாசகர், ஆவடி

அளவுக்கு மீறி டைட் வைத்திருக்கிறார்கள். சக்கரத்தைத் தூக்கி, நேராக இருக்கும் ஹேண்டிலை லேசாகத் தட்டினால் அது தன் கனத்திலேயே கடைசி வரை சாய வேண்டும். நடுவில் நின்றால் முதலில் கிளட்ச், ஆக்சிலரேட்டர் கேபிள்கள் இழுக்கின்றனவா என்று பாருங்கள். கேபிள் தடுக்கவில்லை என்றால் கோனை இளக்க வேண்டும். இதே நிலையில் ஓட்டினால் புது ரேஸிலும் பள்ளம் விழும்.

சரிசெய்த பிறகு 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒருமுறை ஆட்டம் பாருங்கள். புது ரேஸ் முழுதாக உட்காரும்போது கொஞ்சம் லூஸ் ஆவது வழக்கம்தான். இரண்டாவது முறையும் லூஸ் ஆனால், ரேஸை அடிவரை இறக்காமல் விட்டிருக்கலாம்; கழற்றித்தான் பார்க்க வேண்டும்.