ஒஹையோ ஆற்றில் இரவுப் பயணம்: சின்ன மோட்டார் படகுக்கு எந்த விளக்கு, எப்போது?

கேள்வி: லூயிவில் நகரில் வசிக்கிறோம். 19 அடி நீள மோட்டார் படகு ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். முன்னால் சிவப்பும் பச்சையும் சேர்ந்த சின்ன விளக்கு, பின்னால் கழற்றி மாட்டும் கம்பத்தில் ஒரு வெள்ளை விளக்கு. ஜூலை 4 வாணவேடிக்கையை ஆற்றிலிருந்தே பார்த்துவிட்டு இருட்டில் திரும்ப வேண்டும். இந்த இரண்டும் போதுமா? முன்னால் ஒரு ஃப்ளட் லைட் மாட்டலாமா? இரவில் பார்ஜ் (சரக்கு ஏற்றும் தட்டையான பெரிய மிதவை) வந்தால் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: சட்டப்படி போதும். உங்கள் படகு கிட்டத்தட்ட 5.8 மீட்டர். அமெரிக்க உள்நாட்டு நீர்வழி விதிகளின்படி, 12 மீட்டருக்குக் குறைவான மோட்டார் படகு ஓடும்போது சிவப்பு, பச்சைப் பக்க விளக்குகளையும், எல்லாத் திசையிலும் தெரிகிற ஒரு வெள்ளைச் சுற்றுவிளக்கையும் காட்டினால் சரி. பெரிய படகுகளில் உயரத்தில் ஒரு வெள்ளை, பின்புறம் ஒரு வெள்ளை என்று தனித்தனியாக இருக்கும். உங்களுக்கு அந்த ஒரே விளக்கு இரண்டு வேலையையும் பார்த்துவிடும். சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை இவை எரிய வேண்டும். மூடுபனியோ கனமழையோ கண்ணை மறைத்தால் பகலிலும் போட வேண்டும்.

பக்க விளக்கு குறைந்தது 1 கடல் மைல், வெள்ளை விளக்கு 2 கடல் மைல் தூரத்துக்குத் தெரிய வேண்டும். இதை நீங்கள் அளந்து பார்க்க முடியாது. விளக்கின் உடலில் எத்தனை மைல் என்று அச்சிட்டிருக்கும், கூடவே அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் அங்கீகாரக் குறிப்பும் இருக்கும். அதைப் பாருங்கள். பழைய படகில் முன்பிருந்தவர் சாதா பல்பை எடுத்துவிட்டு எல்இடி பல்பைச் செருகியிருக்கலாம். அந்தக் கூடு பழைய பல்புக்காகச் செய்தது. அதில் எல்இடி போட்டால் நிறம் மாறும், வெளிச்சம் வெட்டுப்படும் கோணமும் தவறும். எல்இடி வேண்டுமென்றால் எல்இடிக்கென்றே அங்கீகாரம் பெற்ற விளக்கை முழுசாக மாற்றுங்கள்.

கோணம்தான் இதில் உயிர். பச்சை வலப்பக்கம், சிவப்பு இடப்பக்கம். ஒவ்வொன்றும் நேர் முன்னாலிருந்து 112.5 டிகிரி வரை தெரிய வேண்டும், அதாவது பக்கவாட்டைத் தாண்டி இன்னும் 22.5 டிகிரி பின்னால் வரைக்கும். இருட்டில் உங்களைப் பார்க்கிறவர், நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதை இந்த நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். பச்சை மட்டும் தெரிந்தால் அந்தப் படகு அவருக்கு இடமிருந்து வலமாகப் போகிறது. சிவப்பு மட்டும் என்றால் வலமிருந்து இடம். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அவரை நோக்கியே வருகிறது. வெள்ளை மட்டும் என்றால் அவர் பார்ப்பது படகின் பின்புறம், இல்லை அது நங்கூரத்தில் நிற்கிறது.

அதனால் ஆற்றுக்குப் போவதற்கு முன் வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். படகை ட்ரெய்லரில் சமமாக நிறுத்தி, இருட்டியதும் விளக்குகளைப் போட்டுவிட்டு, சற்றுத் தள்ளி நின்று ஒரு சுற்று நடந்து வாருங்கள். நேர் முன்னால் இரண்டு நிறமும் தெரிய வேண்டும். படகின் வலப்பக்கம் போகப்போகச் சிவப்பு மறைந்துவிட வேண்டும். பக்கவாட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பச்சையும் மறைய வேண்டும். வெள்ளை மட்டும் எந்த இடத்திலும் மறையக் கூடாது. இப்போது ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, வெயில் மறைப்புத் துணியையும் விரித்துவிட்டு மறுபடி சுற்றுங்கள். பெரும்பாலும் இந்த இரண்டாவது சுற்றில்தான் குறை தெரியும். பின்கம்பம் குட்டையாக இருப்பதால், முன்னாலிருந்து பார்க்கும்போது ஓட்டுநரின் தலையோ துணியோ வெள்ளை விளக்கை மறைத்துவிடும். அந்த வெள்ளை விளக்கு பக்க விளக்குகளைவிடக் குறைந்தது 1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. உயரமான கம்பம் படகுக் கடையில் கிடைக்கும். வாங்கும்போது உங்கள் கம்பத்தின் அடிப்பகுதியைக் கையோடு கொண்டுபோங்கள், மின் இணைப்புக் கொடுக்கும் பின்களின் அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்தப் பின்களில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். வீட்டில் எரிந்து ஆற்றில் அணைகிற விளக்குக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

அப்புறம் சுவிட்ச். பெரும்பாலான படகுகளில் மேலே தள்ளினால் எல்லா விளக்கும், கீழே தள்ளினால் வெள்ளை மட்டும், நடுவில் அணைந்துவிடும். கீழே உள்ளது நங்கூரம் போட்டு நிற்கும்போது பயன்படுத்த. வாணவேடிக்கை இரவில் பலரும் இதில்தான் தவறுகிறார்கள். இன்ஜினை அணைத்துவிட்டு மிதந்துகொண்டிருந்தால் படகு நிற்கிறது என்று நினைத்து வெள்ளையை மட்டும் போடுகிறார்கள். நங்கூரமும் இல்லை, கரையிலும் கட்டவில்லை என்றால் விதியின் கணக்கில் படகு பயணத்தில்தான் இருக்கிறது. சிவப்பும் பச்சையும் எரிந்தே ஆக வேண்டும். நங்கூரம் போட்டபின் அவற்றை அணைத்துவிடுங்கள், வெள்ளை மட்டும் எரியட்டும். 7 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு நங்கூர விளக்கு போடாமலிருக்கச் சலுகை உண்டு, ஆனால் மற்ற படகுகள் போய்வரும் இடத்தில் அது செல்லாது. லூயிவில் நகரை ஒட்டிய ஆற்றில் அந்தச் சலுகையை மறந்துவிடுங்கள். வாணத்தைப் பார்த்தபடி மிதக்கும்போது இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: நீரோட்டம் உங்களை மெக்கால்பைன் அணைப் பக்கம்தான் இழுக்கிறது.

ஃப்ளட் லைட் வேண்டாம். உங்கள் விளக்குகள் அடுத்தவர் உங்களைப் படிப்பதற்காக. நீங்கள் பார்ப்பதற்கு இருட்டுக்குப் பழகிய கண் வேண்டும். முன்னால் வெள்ளை வெளிச்சத்தைப் பாய்ச்சினால் உங்கள் கண்ணும் கூசும், எதிரே வருபவருக்கு உங்கள் சிவப்பும் பச்சையும் தெரியாது. பக்க விளக்குகளை மறைக்கிற, கண்காணிப்பைக் கெடுக்கிற வேறு விளக்கு எதையும் காட்டக் கூடாது என்று விதி தெளிவாகவே இருக்கிறது. படகைத் துறையில் கட்டும் நேரத்தில் போட்டு அணைத்துக்கொள்ளுங்கள். அலங்கார நீல விளக்குப் பட்டைகளும் வேண்டாம், மின்னும் நீல விளக்கு காவல் படகுகளுக்கு உரியது.

இனி பார்ஜ். உங்கள் கேள்வியில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். ஒஹையோவில் ஒரு தள்ளுபடகு 15 பார்ஜுகளை மூன்று வரிசையாகக் கட்டி, வரிசைக்கு ஐந்தாக முன்னால் தள்ளிக்கொண்டு வருவது சாதாரணம். ஒரு பார்ஜ் 195 அடி நீளம், 35 அடி அகலம். ஆகவே பார்ஜுகள் மட்டும் 975 அடி. ஓட்டுபவர் அதற்கும் பின்னால் இருக்கிறார். சுமை இல்லாத பார்ஜ்கள் நீரில் உயர்ந்து மிதக்கும்போது, அவற்றின் முன் விளிம்புக்கு அப்பால் பல நூறு அடிக்கு அவருக்குத் தண்ணீரே தெரியாது. அந்த இடத்தில் நீங்கள் இருந்தால், உங்கள் விளக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை.

இவ்வளவு பெரிய உருவத்துக்கு உயரத்தில் வெள்ளை விளக்குகள் இருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். இங்கே இருக்காது. மிசிசிப்பியும், ஒஹையோ போன்ற அதன் துணை நதிகளும் சேர்ந்த பகுதிக்குத் தனி விதி. நியூ ஆர்லியன்ஸ் அருகே ஹியூ பி. லாங் பாலத்துக்குக் கீழே போனால்தான் தள்ளுபடகு அந்த வெள்ளை விளக்குகளைக் காட்ட வேண்டும். ஒஹையோவில் பக்க விளக்குகளும், பின்னால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மஞ்சள் விளக்குகளும்தான். பார்ஜ் கூட்டத்தின் முன் முனையில் இடது மூலையில் ஒரு சிவப்பு, வலது மூலையில் ஒரு பச்சை, நடுக்கோட்டில் நிமிடத்துக்கு 50 முதல் 70 முறை மின்னும் ஒரு மஞ்சள் விளக்கு. எதிரே வரும் பார்ஜை நீங்கள் அடையாளம் காண்பது அந்த மின்னும் மஞ்சளை வைத்துத்தான். மூன்றும் நீர்மட்டத்தை ஒட்டி இருப்பதால் நகர வெளிச்சத்திலும், பாலங்களின் சிவப்பு பச்சையிலும் கலந்துவிடும். எனவே விளக்கை மட்டும் தேடாதீர்கள். எதிர்க்கரை விளக்குகளின் பிரதிபலிப்பு தண்ணீரில் வரிசையாக அணைந்துகொண்டே போனால், ஏதோ ஒன்று குறுக்கே வந்துகொண்டிருக்கிறது. தள்ளுபடகு ஓட்டுநர் தன் தேடொளியை உங்கள்மேல் நிறுத்தினாலோ, ஐந்து குறுகிய ஊதல் கேட்டாலோ, யோசிக்காமல் வழியைவிட்டு விலகுங்கள். உங்கள் டார்ச்சை அவர் அறைப் பக்கம் அடிக்காதீர்கள். பின்னாலிருந்து பார்த்தால் மேலும் கீழுமாக இரண்டு மஞ்சள். முந்திப் போகலாம் என்று தோன்றும், ஆனால் அதற்கு முன்னால் கால் கிலோமீட்டருக்கும் மேல் இரும்பு மிதக்கிறது.

விலகும்போது கரையை ஒட்டிப் போகிறோம் என்று நிறுத்திவைத்த பார்ஜுகளுக்குள் நுழைந்துவிட வேண்டாம். ஆற்றுப் பாதையைக் குறுக்குபவை, மூன்று வரிசை அகலத்துக்குக் கட்டியவை போன்றவற்றுக்கு வெளி மூலைகளில் வெள்ளை விளக்கு கட்டாயம். கரைக்கு இணையாக ஒன்றிரண்டு வரிசையாகக் கட்டி, பாதையைக் குறுக்காதவற்றுக்கு அதுவும் தேவையில்லை. முழு இருட்டில் நிற்கும். அவற்றின் மேல்நீர்ப் பக்கம் இன்ஜின் நின்றுபோனால் நீரோட்டம் படகை பார்ஜுகளின் அடியில் இழுத்துவிடும்.

கடைசியாக, படகுகள் ஒன்றோடொன்று பேசும் விஎச்எஃப் ரேடியோ ஒன்று வையுங்கள். தள்ளுபடகு ஓட்டுநர்கள் 13ஆம் சேனலில் இருப்பார்கள், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொன்னால் பதில் வரும். மலிவான எல்இடி விளக்குகள் சில இந்த ரேடியோவைக் கெடுக்கின்றன, கடலோரக் காவல்படை 2018இலேயே எச்சரித்தது. சோதிப்பது எளிது. யாரும் பேசாத சேனலில் வைத்து, இரைச்சல் சரியாக அடங்கும் இடம்வரை ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் திருகை) திருப்புங்கள். பிறகு விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எந்த விளக்குக்கு இரைச்சல் திரும்ப வருகிறதோ, அதை 4ஆம் தேதிக்கு முன் மாற்றிவிடுங்கள்.