நிறமில்லாத படம் ஏன் இழுக்கிறது?

போனிலேயே இத்தனை நிறம் வரும்போது கறுப்பு வெள்ளையிலும் பழுப்பு நிறச் செபியாவிலும் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

நிறம் போனால் மிஞ்சுவது வெளிச்சமும் நிழலும்தான். மட்டக்களப்பு கல்லடிப் பழைய பாலத்தைக் காலையில் கலரில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது யாரோ ஒருவரின் சிவப்புச் சட்டை. அதையே கறுப்பு வெள்ளையாக்குங்கள்; இரும்புச் சட்டங்களின் நிழல்தான் படமாகிவிடும். ஆனால் உச்சி வெயிலில் தட்டையாக வந்த படத்தை இது காப்பாற்றாது, சொல்லிவிட்டேன்.

செபியா வேறு கதை. அந்தப் பெயரே கணவாய் மீனுக்கான கிரேக்கச் சொல். அதன் மையிலிருந்து ஓவியர்கள் பழுப்பு நிறம் எடுத்தார்கள். புகைப்படத்தில் கணவாய் மை கிடையாது. வெள்ளித் துகள்களால் உருவான கறுப்பு வெள்ளைப் படத்தை முதலில் வெளிறவைத்து, பிறகு சல்பைடு கரைசலில் முக்குவார்கள். கூழ்முட்டை நாற்றம் அடிக்கும். வெள்ளி, வெள்ளி சல்பைடாக மாறிப் பழுப்பாகும். அது காற்றிலுள்ள மாசுக்கு லேசில் கெடாது. அழகோடு ஆயுளும் கூடும். போனில் செபியா பொத்தானை அழுத்தினால் பழுப்பு மட்டும்தான் கிடைக்கும்.

எங்கள் வீட்டில் அம்மம்மாவின் கல்யாணப் படத்தில் தாலிக்கொடியின் முறுக்குகூட இன்னும் தெரிகிறது. அம்மாவின் கலர் படத்தில் பச்சைக் கூறை சிவந்துபோய்க் கிடக்கிறது.