பிறந்த பின்னும் வளரும் விழித்திரை

கேள்வி: என் மகளுக்கு 29 கிழமையிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை கண் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள். பிள்ளையின் நிறை கூடியிருக்கிறது, வெளிச்சம் பட்டால் கண்ணையும் சுருக்குகிறது. பிறகும் ஏன் இந்த அலைச்சல்?
– ஓர் அம்மம்மா, கோண்டாவில்

பதில்: அம்மா, ஒரு தவணையையும் தவறவிடாதீர்கள். கருவின் விழித்திரையில் குருதிக்கலன்கள் ஏறத்தாழ 16ஆம் கிழமையில் பார்வை நரம்பின் முனையிலிருந்து புறப்பட்டு, மூக்குப் பக்க ஓரத்தை 36ஆம் கிழமையளவிலும் காதுப் பக்க ஓரத்தை 40ஆம் கிழமையளவிலுமே எட்டுகின்றன. 29 கிழமையில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பயணம் பாதி வழியில் நிற்கிறது.

அவற்றுக்கு வழிகாட்டுவது கலங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சமிக்ஞைகளே. வெங்காயத் தறைக்கு நீர் இறைக்கும்போது கடைப்பாத்தியில் நிற்பவர் குரல் கொடுப்பதைப் போல, ஒட்சிசன் போதாத இடத்திலுள்ள நட்சத்திர வடிவக் கலங்கள் வீ.ஈ.ஜீ.எஃப் என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. குருதிக்கலனின் நுனி அந்தப் புரதம் இருக்கும் திசையை நோக்கி நீளுகின்றது. கருப்பையில் ஒட்சிசன் குறைவாக இருப்பதே இந்த வளர்ச்சிக்குத் துணையாகிறது. குறைமாதத்தில் வெளியே வந்த பிள்ளைக்கு மூச்சுக்காகக் கொடுக்கப்படும் ஒட்சிசன் அளவு மீறினால் அந்தக் குரல் அடங்கி, குருதிக்கலன்களும் நின்றுவிடுகின்றன. சில கிழமைகளில் விழித்திரைக் கலங்கள் முதிர்ந்து அவற்றின் தேவை பெருகும்போது, குருதி எட்டாத பகுதி முழுவதும் ஒரேயடியாகப் புரதத்தைச் சுரக்க, முறைதவறிய மெல்லிய கலன்கள் முளைத்து, முற்றினால் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். 1940களில் எத்தனையோ குழந்தைகள் இவ்வாறு பார்வை இழந்தார்கள். அளவு மீறிய ஒட்சிசனுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை 1951 இல் மெல்பேர்ண் வைத்தியர் கேற் காம்பெல் எடுத்துக்காட்டினார்.

இத்தனையும் நடக்கும்போது பிள்ளையின் கண் வெளியே தெளிவாகவே இருக்கும், வெளிச்சத்துக்குச் சுருங்கவும் செய்யும். கண்மணியை விரிக்கும் சொட்டுமருந்து விட்டு உள்ளே பார்க்கும் வைத்தியருக்கு மட்டுமே, குருதிக்கலன் உள்ள பகுதிக்கும் இல்லாத பகுதிக்கும் இடையே ஒரு மெல்லிய வெண்கோடு தெரியும். நோய் கூடினால் அந்தக் கோடு வரம்பு போல் தடிக்கும். பல பிள்ளைகளுக்கு இது தானாகவே தணிந்துவிடுகிறது. தணியாதவர்களுக்கு லேசர் சிகிச்சையோ, அந்தப் புரதத்தை அடக்கும் ஊசியோ கொடுக்க வேண்டும். அதற்குரிய காலம் மிகக் குறுகியது என்பதால்தான் இரண்டு கிழமைக்கு ஒருமுறை அழைக்கிறார்கள். நிறை கூடுவது உண்மையிலேயே நல்ல செய்தி: தாயிடமிருந்து பிரிந்ததும் குறைந்துபோகும், இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி மீண்டும் ஏறுவதோடு அது தொடர்புடையது, குருதிக்கலன்கள் ஒழுங்காக வளர அந்தக் காரணியும் வேண்டும். ஆனால் நிறையைப் பார்த்துக் கண்ணைத் தீர்மானிக்க முடியாது. குருதிக்கலன்கள் ஓரத்தை எட்டிவிட்டன என்று வைத்தியர் சொல்லும் நாள்வரை போய்வாருங்கள். அதற்குப் பின்னும் கிட்டப்பார்வை, மாறுகண் ஆகியவற்றுக்காக இடைக்கிடை காட்டுவது நல்லது.

கேள்வி: விழித்திரை வளர்ச்சியை ஆராய்பவர்கள் ஏன் சுண்டெலியையே எடுக்கிறார்கள்?
– உயர்தர உயிரியல் மாணவன், பருத்தித்துறை

பதில்: நமக்குக் கருப்பையில் நடப்பதில் பெரும்பகுதி சுண்டெலிக்குப் பிறந்த பின்னரே நடக்கிறது. பிறக்கும்போது அதன் விழித்திரையில் குருதிக்கலன் வலை அப்போதுதான் தொடங்கியிருக்கும். மேல்வலை ஓரத்தை எட்ட எட்டு நாள் அளவில் ஆகும். கண் திறப்பதோ இரண்டு கிழமையில்தான். அதற்குமுன், எந்தக் காட்சியும் விழாத இருளிலேயே, சில நரம்புக் கலங்கள் விடும் அசற்றைல்கோல் என்னும் சமிக்ஞை இரசாயனத்தினால் விழித்திரை முழுவதும் அலை அலையாகத் துடிப்புகள் பரவி, மூளையுடனான இணைப்புகளைச் செப்பஞ்செய்கின்றன. நமது கண்ணில் பிறப்பின் பின் பெரிதும் மாறுவது விழித்திரையின் நடுக்குழி: ஒளியை உணரும் கூம்புக் கலங்கள் மெலிந்து நீண்டு அங்கே நெருங்கி அமைவது பிள்ளை பாலர் வகுப்புக்குப் போகும் வயதிலும் தொடர்கிறது.