பழைய ஆங்கில நூலில் ‘பில்லியன்’: 100 கோடியா, லட்சம் கோடியா?

கேள்வி: 1950களில் லண்டனில் வெளியான வானியல் நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ஓர் ஒளியாண்டு சுமார் ஆறு பில்லியன் மைல் என்று அதில் வருகிறது. 600 கோடி மைல் என்று எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம், அது 6 லட்சம் கோடி மைல். 600 கோடி மைல் என்பது சூரியனிலிருந்து புளூட்டோவின் சராசரித் தொலைவைப் போல் இரண்டு மடங்குகூட வராது. நூலாசிரியர் தவறு செய்யவில்லை. அன்றைய பிரிட்டனில் பில்லியன் என்றால் ஒன்றுக்குப் பின் 12 சுழியம், இன்று ஒன்பதுதான்.

இந்தக் குழப்பம் பிரான்சில் தொடங்கியது. மில்லியன் என்பது ‘பெரிய ஆயிரம்’ என்ற பொருளில் இத்தாலியில் பிறந்த சொல். அதன் தலையில் ‘இரண்டு’ என்னும் லத்தீன் முன்னொட்டைச் சேர்த்தால் பில்லியன். நிக்கோலா ஷுகே 1484இல் எழுதிய கணித நூலில் அதற்கு மில்லியனின் இருபடி, அதாவது லட்சம் கோடி என்றே பொருள். பெயருக்கும் கணக்குக்கும் கச்சிதமான பொருத்தம். பின்னாளில் பிரெஞ்சுக்காரர்களில் பலர் அதை ஆயிரம் மில்லியனாகச் சுருக்கினார்கள். அமெரிக்கா அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், 1961இல் பிரான்ஸ் சட்டப்படி பழைய பொருளுக்கே திரும்பிவிட்டது! பிரிட்டன் அரசோ 1974 டிசம்பரில் அமெரிக்கக் கணக்குக்கு மாறியது. என்னைக் கேட்டால் பழைய முறைதான் தர்க்கத்துக்குப் பொருந்தும். ஆனால் ஆங்கிலத்தில் அது தோற்றுவிட்டது.

சரி, மற்ற பக்கங்களில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆண்டை மட்டும் நம்பாதீர்கள். 1974க்கு முன்பே அமெரிக்கப் பொருளில் எழுதிய பிரிட்டிஷ்காரர்கள் உண்டு. நூலில் ‘ஆயிரம் மில்லியன்’ அல்லது அதே பொருள் தரும் ‘மில்லியார்ட்’ என்ற வழக்கு தென்பட்டால், அவருடைய பில்லியன் பெரும்பாலும் லட்சம் கோடிதான். அப்புறம், தெரிந்த ஓர் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பூமியின் வயது சுமார் 450 கோடி ஆண்டு, 1960இல் உலக மக்கள்தொகை சுமார் 300 கோடி. இவற்றை அவர் எப்படி எழுதுகிறார் என்று பார்த்தாலே விடை கிடைத்துவிடும். இரண்டு பொருளுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம் என்பதால் தவறான கணக்கு உடனே பல்லிளிக்கும்.

ஜெர்மன், ஸ்பானிய மூலங்களில் இன்றும் எச்சரிக்கை தேவை. அங்கே நேற்றைய நாளிதழில் வந்த பில்லியன்கூட லட்சம் கோடிதான்.