ஆடிக் காத்துல ஸ்பிரே நிக்குமா? கூட்டத்துக்கு முன்னாடி வரையறவங்களுக்கான கேள்வி பதில்

கோவை விழா, காலேஜ் கல்ச்சுரல்ஸ், மாரத்தான், கடைத் திறப்புன்னு "ஜனங்க பார்க்கப் பார்க்க வரையோணும்"னு கூப்பிடறது கொங்குப் பக்கம் அதிகமாயிருச்சு. அதைப் பத்தி வந்த கேள்விகள்ல பன்னெண்டுக்கு இங்க பதில். கூலி எவ்வளவு கேக்கலாம்னு கேட்டவங்களுக்குப் பதில் இல்லீங்க, அது ஊருக்கும் கைக்கும் தகுந்தாப்ல மாறும்.

பல்லடம்: அக்கா, ஆடி மாசம் மைதானத்துல ஒரு நிகழ்ச்சி. 8×4 அடி ப்ளைவுட் ரெண்டு. முழுசும் ஸ்பிரே கேன்லயே முடிச்சுறலாங்களா?

முடியாதுங்க. வைகாசிக் கடைசியில இருந்து ஆவணி வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற மேக்காத்து உங்க பக்கம் நேரா விழுது. காத்தாடி சுத்தறதுக்கு வேணும்னா அது நல்ல காத்து. கேன்ல இருந்து வர்றது பெயிண்ட் இல்லை, பெயிண்டுத் தூசி. மணிக்கு 15 கி.மீ. தாண்டினாலே மெலிசா கலக்கற ஷேடு நிக்காது, கோட்டோட ஒரு ஓரம் கூர்மையாவும் மறு ஓரம் புகையாட்டமும் வரும்.

முதல்ல பலகையை நிறுத்தற திசை. முதுகு மேற்கே, முகம் கிழக்கே. அப்ப பலகையே உங்களுக்குக் காத்துத் தடுப்பு. மத்தியானத்துக்கு மேல முகத்துல வெயிலும் விழாது. பார்க்க வர்றவங்க கண்ணுல ஆறு மணி வரைக்கும் வெயில் அடிக்கும், அதுக்குக் கொஞ்சம் வடகிழக்கா திருப்பி வைங்க. ஆனா இப்படி நிறுத்தினா காத்து பலகையை உங்க மேலதான் தள்ளும். 40 கி.மீ. வேகத்துல நேரா மோதினா ஒரு 8×4 பலகை மேல 25, 30 கிலோ எடையாட்ட அழுத்தம் விழும். ரெண்டு கம்பு முட்டுக் குடுத்தா அது நிக்காது. அடியில தரையோட 4 அடி நீளத்துக்குச் சட்டம் போட்டு, பலகைக்கு முன்னாடி 2 அடி, பின்னாடி 2 அடி வர்றாப்ல அமைச்சு, ஒரு பலகைக்கு 25 கிலோ மணல் மூட்டை நாலு, நாலு மூலையிலயும் வைங்க. பந்தல்காரங்ககிட்ட இதை வாயில சொல்லாதீங்க, படம் போட்டே குடுத்துருங்க.

அடுத்தது வேலையைப் பிரிக்கறது. பெரிய நிறமெல்லாம் எக்ஸ்டீரியர் எமல்ஷன் (வெளிச்சுவருக்கு அடிக்கற தண்ணிப் பெயிண்ட்), ரோலர்ல. ஸ்பிரே கடைசி ஷேடுக்கும் வெளிச்சப் புள்ளிக்கும் மட்டும். கேனை வழக்கமான 15, 20 செ.மீ. தூரத்துல பிடிக்காம 6, 8 செ.மீ.க்குக் கொண்டு வந்து கையை வேகமா ஓட்டுங்க, இல்லைன்னா ஒழுகும். இடக்கையில ஒரு அட்டையை மறைப்பாப் பிடிச்சுக்கலாம். பலகை உச்சியில பனியன் வேஸ்ட் துணி அரையடி கட்டித் தொங்க விடுங்க. அது படுத்துப் பறக்கறப்ப பிரஷ், தொங்கறப்ப கேன். கார் நிறுத்தறதும் பஜ்ஜிக் கடை போடறதும் கிழக்குப் பக்கம் வேண்டாம்னு முன்னாடியே சொல்லிருங்க. பெயிண்டுத் தூசி 20 அடி தாண்டியும் போய் உக்காரும், அடுப்புக்கிட்ட அது ஆபத்தும்கூட.

ஈரோடு: 10 அடிக்கு 8 அடி சுவர். எவ்வளவு பெயிண்ட் வாங்கோணும்?

80 சதுர அடி. பெயிண்ட் பிடிக்கறதுக்கு முதல்ல பூசற பிரைமர் ஒரு லிட்டர். அடிப்பூச்சு எமல்ஷன் ரெண்டு கோட்டுக்கு ஒன்றரையில இருந்து ரெண்டு லிட்டர், சொரசொரப்பான பூச்சுன்னா ரெண்டரை. 400 மி.லி. கேன் ஒண்ணு அடி தெரியாம மூடறது சுமார் 10 சதுர அடிதான். முழுசும் கேன்லன்னா விவரத்துக்கும் சேர்த்து 12 முதல் 15 வரைக்கும் ஆகும். அடிநிறம் எமல்ஷன்ல போட்டுட்டா 5, 6 போதும். வெள்ளையும் கறுப்பும் மட்டும் ஒண்ணு கூடவே வெச்சுக்கோங்க, எப்பவும் தீர்றது அதுங்கதான்.

கோபி: அம்மணி, நான் முப்பது வருசமா போர்டு எழுதறவன். எனாமல்ங்கற எண்ணெய்ப் பெயிண்டுதான் பழக்கம். ஷட்டர்ல எனாமல் அடிச்சு அது மேல ஸ்பிரே போட்டா தோல் சுருங்கறாப்ல எழும்புது. கேன் மட்டமா?

கேன் மேல தப்பில்லைங்க ஐயா. எனாமல் தொட்டா ஒட்டாத அளவுக்குக் காஞ்சாலும் உள்ள இறுக நாள் கணக்காகும். நம்மூர்க் கடைகள்ல கிடைக்கற கேன் பெரும்பாலும் வண்டிக்கு அடிக்கற லாக்கர் சாதி, அதோட தின்னர் வீரியமானது. பாதி இறுகின எனாமல்ல அது எறங்கினா அடித்தோல் ஊறி சுருங்கிரும். எனாமல் மேல லாக்கர் ஆகாது, லாக்கர் மேல எனாமல் ஆகும். இதை மட்டும் வெச்சுக்கோங்க.

எனாமல் அடிச்சு நாளாகி நல்லா இறுகின பழைய ஷட்டர்னா 220 நம்பர் உப்புத்தாள் போட்டு மினுமினுப்பைக் கொன்னு, துடைச்சு, ஒரு மூலையில அடிச்சுப் பத்து நிமிசம் பாருங்க. சுருங்கலைன்னா மெலிசா தூவறாப்ல ரெண்டு தடவை, நடுவுல 5 நிமிசம் விட்டு அடிச்சு, மூணாவதா முழுக் கோட். முதல் கோட்டை ஈரமா அடிக்கறதுதான் கெடுக்குது.

இன்னொண்ணு, உங்க கட்டம் போடற வித்தையை விட்டுறாதீங்க. இப்ப பசங்க சுவர்ல கண்டபடி எழுத்தும் சுழியும் கிறுக்கி, போட்டோ எடுத்து, போன்ல அது மேல படத்தை ஏத்தி, கிறுக்கலை அடையாளமா வெச்சு வரையறாங்க. பெரிய சுவருக்கு அது சௌரியம். ஆனா 8×4 பலகைக்கு நூல் அடிச்சு ஓரடிக் கட்டம் போடறதுதான் வேகம்.

திருப்பூர்: பனியன் கம்பெனி குடோனுக்குள்ள ஆண்டு விழா. உள்ளயே லைவா வரையச் சொல்றாங்க.

கேன் வேண்டவே வேண்டாம். அதுல தள்ளற வாயு எரியக்கூடியது, பெயிண்ட் ஆவியும் எரியும், சுத்தி துணியும் பஞ்சும். எமல்ஷன் மட்டும். எனாமலும் ஆகாது, ஒட்டற பதத்துல மணிக்கணக்கா நிக்கும், அதுக்குள்ள பறக்கற பஞ்சு பூரா அதுலதான் ஒட்டும். எமல்ஷன் அரை மணியில தொட்டுப் பார்க்கற அளவு காஞ்சுரும்.

பொள்ளாச்சி: நாலு மணிக்கு ஆரம்பிச்சு ஒம்போதுக்கு முடிக்கோணும். ஒருக்காவும் முடியறதில்லை. வேகமா வரையறதுக்கு என்ன வழிங்க?

கை வேகம் இதுல சின்ன விசயம். ஒரு ஆள், அஞ்சு மணி நேரம், ஓரளவு விவரமுள்ள படம்னா 8×4 ஒண்ணுதான் கணக்கு. ரெண்டு பலகை ஒத்துக்கிட்டா ரெண்டாவது ஆள் வேணும், இல்லைன்னா படத்துல பாதி வெறும் நிறமா இருக்கோணும்.

அடிப்பூச்சு முந்தின நாளே முடியோணும். ப்ளைவுட்டுக்கு ஓரத்துலயும் பிரைமர் போடுங்க, அங்கதான் தண்ணி குடிச்சு உப்பும். கோட்டுப்படம் மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள, ஜனம் வர்றதுக்கு முன்னாடி. அதைப் பார்க்க யாருக்கும் ருசி இருக்காது, தப்புப் பண்ணித் திருத்தறதும் அப்பத்தான் நடக்கும். நாலுல இருந்து அஞ்சேகால் வரைக்கும் பெரிய நிறங்கள், படம் மொத்தமும் மூடிரோணும். ஒரு மூலையில ஆரம்பிச்சு நுணுக்கமா முடிச்சுக்கிட்டே போறதுதான் நிறைய பேரைக் கவுக்குது. எட்டு மணிக்கு மழை வந்து நிறுத்தச் சொன்னாலும் அது படமாத் தெரியோணும், மொட்டைப் பலகையில ஒரு கண்ணு மட்டும் முழிச்சுக்கிட்டு இருக்கக் கூடாது.

அஞ்சேகால்ல இருந்து ஏழு வரைக்கும் நிழல். ஏழுல இருந்து எட்டரை வரைக்கும் கோடு, வெளிச்சப் புள்ளி. கூட்டம் நெருக்கமா நிக்கறதும் அப்பத்தான், முகத்தையும் கண்ணையும் அதுக்குன்னு வெச்சிருங்க. சிலைக்குக் கடைசியாக் கண் திறக்கற கணக்குத்தான். கடைசி அரை மணி காலியா இருக்கட்டும். சீஃப் கெஸ்ட் வருவாரு, பிரஷ் கேப்பாரு, போட்டோ எடுப்பாங்க. அவருக்குன்னு ஒரு தட்டை நிற இலையோ மேகமோ, சுத்தி மாஸ்கிங் டேப் ஒட்டி, ரெண்டு இன்ச் பிரஷோட தயாரா வைங்க. கண்ணை அவருகிட்டக் குடுத்துறாதீங்க.

கைத்துணைக்கு ஒருத்தர் கட்டாயம் வேணும். கலர் கலக்கறதைவிட, "இது என்ன பெயிண்ட்டுங், வீட்டுக்கு வந்து அடிப்பீங்களா"ன்னு கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லத்தான். அஞ்சடி தள்ளிக் கயிறு கட்டுங்க. குழந்தைங்களுக்குத் தனியா ஒரு சின்னப் பலகை போட்டுட்டா உங்க பலகை தப்பிச்சுக்கும்.

ஐப்பசியா இருந்தா தார்ப்பாய் எடுத்து வைங்க, பலகையைத் தொடாம ஓரடி இடைவெளி விட்டுக் கட்டோணும். ஈர எமல்ஷன் மழைக்கு வழிஞ்சு ஓடிரும்.

காங்கயம்: காளை வரையச் சொன்னா என்ன தப்பு நடக்கும்? எங்க ஊர்ல வரையப் போறீங்கன்னா பார்த்து வரைங்க!

சரியான கேள்வி, அங்க பார்க்கறவன் பூரா நிபுணன். இணையத்துல "நாட்டுக் காளை"ன்னு தேடி ஆந்திரா பக்கத்து ஓங்கோல் மாட்டுப் படத்தை எடுத்து வரையறதுதான் முதல் தப்பு. ஓங்கோலுக்குக் கொம்பு குட்டை. காங்கயத்துக் கொம்பு தடிமனா வெளியே விரிஞ்சு, பின்னால வளைஞ்சு, நுனி உள்ளே திரும்பிக் கிட்டத்தட்ட வட்டத்தை மூடப் பார்க்கும். காது சிறுசு, விறைப்பா நிக்கும், தொங்கினா அது வேற மாடு.

நிறத்துல இன்னும் கவனம். பொலிகாளைக்குத் தலை, கழுத்து, திமில், முன்பின் சப்பையெல்லாம் கருக்கல், நடு உடம்பு சாம்பல். காயடிச்ச எருதுக்கு அந்தக் கருக்கல் வெளுத்துரும். கன்னு பொறக்கறப்ப செவலையா இருந்து ஆறு மாசத்துவாக்குல சாம்பலுக்கு மாறும், அதனால தாய்ப் பக்கத்துல சாம்பல் கன்னு வரைஞ்சா சிரிப்பாங்க. சாம்பலுக்குக் கறுப்பும் வெள்ளையும் மட்டும் கலந்தா நீலம் அடிச்சுச் செத்தாப்ல தெரியும். ஒரு துளி காவி சேர்த்தீங்கன்னா தோலுக்குச் சூடு வரும்.

கோவை: விழாவுக்குன்னு புதுசா சுவர் கட்டிப் பூசி ஒரு வாரந்தான் ஆச்சு. அது மேல வரையலாமா?

வேண்டாம். சிமெண்டுப் பூச்சு ஆற 28 நாள் வேணும். அதுக்கு முன்னாடி உள்ள இருக்கற காரமும் ஈரமும் வெளியே வந்து உப்புப் பூக்கும், நிறம் திட்டுத் திட்டா வெளுக்கும். வேற வழியே இல்லைன்னா சுவருக்கு முன்னாடி ப்ளைவுட் அடிச்சு அதுல வரைஞ்சு குடுங்க. பழைய சுண்ணாம்புச் சுவருக்கும் ஒரு சோதனை உண்டு. உள்ளங்கையால தேய்ங்க, வெள்ளையா ஒட்டினா சுரண்டிப் பிரைமர் போடாம தொடக் கூடாது.

நாமக்கல்: துணி மாஸ்க் போதுங்களா?

தூசிக்கே பத்தாது. என்95 தூசியை நிறுத்தும், ஆவியை நிறுத்தாது. ஆர்கானிக் வேப்பர் கேட்ரிட்ஜ் (பெயிண்ட் ஆவியை உறிஞ்சற டப்பா) போடற அரைமுக மாஸ்க், அது மேல தூசி ஃபில்டர், ரெண்டும் வேணும். மாஸ்க் போட்டும் பெயிண்ட் வாசம் வந்தா கேட்ரிட்ஜ் முடிஞ்சுது, இல்லை மாஸ்க் சரியா உக்காரலை. தாடி இருந்தா உக்காராது. வேலை முடிஞ்சதும் காத்துப் போகாத கவர்ல போட்டு மூடுங்க, திறந்து வெச்சா சும்மா கிடந்தே தீந்துரும்.

கோவை: ராத்திரி மேடை லைட்டுல வரைஞ்ச நிறம் காலையில பார்த்தா வேறயா இருக்கு.

மஞ்ச லைட்டுல மஞ்சளும் வெள்ளையும் ஒண்ணாத் தெரியும், மேடையோட சிவப்பு லைட்டுல சிவப்புக் கோடே காணாமப் போயிரும். வெள்ளை எல்இடி ஃப்ளட் ரெண்டு, 5000 கெல்வினுக்கு மேல (வெளிச்சத்தோட நிறத்துக்கான அளவு, பெட்டியில போட்டிருக்கும்), இடமும் வலமும் சாய்வா வைக்கச் சொல்லுங்க. ஒண்ணு மட்டும் பின்னால இருந்தா உங்க நிழல் மேலயேதான் வரையோணும். கலர் லைட்டைப் பலகைப் பக்கம் திருப்பக் கூடாதுன்னு எழுதியே வாங்கிருங்க. டப்பா மூடியிலயும் கேன்லயும் நிறத்தோட பேரைப் பெரிசா எழுதி வைங்க.

கோவை: படத்தோட உரிமை யாருக்கு? சுவருக்கு அனுமதி வேணுமா?

இதுல நிறைய பேரு தப்பா நினைச்சிருக்காங்க. 1957 காப்புரிமை (காபிரைட்) சட்டத்துல பொதுவா படைச்சவர்தான் முதல் உரிமையாளர். ஆனா 17-ஆம் பிரிவு ஒரு விலக்குச் சொல்லுது. ஒருத்தர் கேட்டுக்கிட்டு, காசு வாங்கி வரைஞ்ச ஓவியம்னா, வேற ஒப்பந்தம் இல்லாதபட்சத்துல முதல் உரிமை காசு குடுத்தவருக்கு. பின்னாடி அவங்க அதை டி-சர்ட்ல அச்சடிச்சா கேக்க முடியாது. அதனால "காப்புரிமை ஓவியருக்கு, நிகழ்ச்சி விளம்பரத்துக்கு மட்டும் அனுமதி"ன்னு ஒரு வரி முன்பணம் வாங்கறப்பவே எழுதிக்கோங்க. 57-ஆம் பிரிவுல இருக்கற உரிமை எப்படியும் உங்களுது. இன்னார் வரைஞ்சதுன்னு பேர் கோரலாம், பேரு கெடறாப்ல படத்தைச் சிதைச்சா எதிர்க்கலாம்.

சுவருக்கு உரிமையாளர்கிட்ட எழுத்துல அனுமதி. மாநகராட்சிச் சுவர்னா ஆணையர் அலுவலகம், பாலத்துத் தூண்னா அந்தப் பாலம் எந்தத் துறையோ அங்க. பொது இடத்தை அலங்கோலப்படுத்தறதைத் தடுக்க 1959-லயே மாநிலச் சட்டம் இருக்கு. "ஏற்பாட்டாளர் வாங்கிட்டாரு"ன்னு சொன்னா நகல் கேளுங்க, போலீஸ் வந்தா கையில பிரஷோட நிக்கறது நீங்கதான்.

உடுமலை: தெர்மாகோல் செல்ஃபி பாயிண்ட்டுக்கு ஸ்பிரே?

கரைஞ்சு குழி விழும். எமல்ஷன் மட்டும்.

தாராபுரம்: கேன் பாதியிலயே அடைச்சுக்குது, சிலது ஒழுகுது.

குலுக்கறது பத்தலை. கேனுக்குள்ள பெயிண்டைக் கலக்கற சின்னக் குண்டு உருள்ற சத்தம் கேக்க ஆரம்பிச்சதுல இருந்து ரெண்டு நிமிசம் குலுக்கோணும், நடுவுல நிறுத்தி எடுக்கறப்பவும் பத்து தடவை. ஒவ்வொரு தடவை வைக்கறப்பவும் கேனைத் தலைகீழாப் பிடிச்சு ரெண்டு மூணு விநாடி அமுக்குங்க, வெறும் காத்து வந்ததும் நிறுத்துங்க. அடைச்ச கேப்பை (மேல விரல் வெச்சு அமுக்கற மூக்கு) தின்னர்ல ஊறப் போடுங்க, மாத்துக்கு இருபது கேப் எடுத்துட்டுப் போங்க. கேன் வாயில ஊசி விடறது வேண்டாம்.

ஒழுகறது பெரும்பாலும் சூட்டுல. வெயில்ல நிறுத்தின கார் டிக்கியில கேனை வெச்சா அழுத்தம் ஏறும், 50 டிகிரி தாண்டினா வெடிக்கவும் வாய்ப்பு இருக்கு. நிழல்ல, ஈரச் சாக்கு மூடின பெட்டியில வைங்க. ஊட்டியில நிகழ்ச்சின்னா நேர் எதிர், குளிருக்கு அழுத்தம் குறைஞ்சு துப்பும். வெதுவெதுப்பான தண்ணியில அஞ்சு நிமிசம் நிறுத்தினா சரியாகும், அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீங்க. தீர்ந்த கேனைக் குப்பையோட எரிக்க விடாம, காத்து முழுசும் போன பிறகு பழைய இரும்புக் கடையில போடுங்க.